கேட்பியல் படிக்க எண்ணுகிறேன்: அன்றாடப் பணி உண்மையில் எப்படி இருக்கும்?

கேள்வி (உயிரியல் மாணவி)

வணக்கம். உயிரியலில் பட்டப்படிப்பை முடிக்கும் தறுவாயில் இருக்கிறேன். அடுத்து, ஆடியாலஜி எனப்படும் கேட்பியலைப் படிக்கலாமா என்று யோசித்து வருகிறேன். சென்ற மாதம் ஒரு கேட்பியல் பிரிவில் இரண்டு நாள் உடனிருந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இருப்பவர் ஒலியை அனுப்புவதும், அந்தப் பக்கம் இருப்பவர் பொத்தானை அழுத்துவதும், அதை ஆடியோகிராம் எனும் கேட்புத்திறன் வரைபடத்தில் குறிப்பதுமாகவே பெரும்பாலான நேரம் கழிந்தது. இதைக் கைப்பேசிச் செயலியே செய்துவிடுமே, இதற்கு இத்தனை ஆண்டுப் படிப்பு எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. இப்பணியில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தைக் கூறினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (பெரியவர்களுக்கான பிரிவில் பணிபுரிபவர்)

தாங்கள் பார்த்த சோதனையின் விதி எளிமையானதுதான். 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுருதியிலும், கேட்டால் 10 டெசிபெல் குறைக்க வேண்டும், கேட்காவிட்டால் 5 டெசிபெல் கூட்ட வேண்டும். இதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கலாம், சொல்லிக்கொடுத்தும் இருக்கிறார்கள். ஆனால் வந்திருக்கும் கோடு அந்தக் காதினுடையதுதானா என்று சந்தேகப்படுவதற்குத்தான் படிப்பு வேண்டும்.

ஒருவருக்கு வலது காதில் சுமார் 60 டெசிபெல் இழப்பு என்று வேறோர் இடத்தில் அறிக்கை கொடுத்திருந்தார்கள். அதை நம்பிக் கருவியும் பொருத்திக்கொண்டார். மாதக்கணக்கில் அணிந்தும் அந்தக் காதில் ஒரு சொல்கூடப் புரியவில்லை என்று வருந்தி என்னிடம் வந்தார். சிறு வயதில் புட்டாளம்மை வந்ததா என்று கேட்டேன், ஆம் என்றார். அது ஒரு காதின் கேட்கும் திறனை முழுவதும் பறித்துவிடக்கூடும். ஹெட்ஃபோனில் ஒரு காதுக்குக் கொடுக்கும் ஒலி ஏறத்தாழ 40 டெசிபெல்லைத் தாண்டினாலே மண்டையோட்டின் வழியாக மறு காதுக்குப் போய்ச் சேரக்கூடும். எனவே அவருடைய நல்ல காது சோதனை ஒலியைக் கேட்டுவிடாதபடி அதில் மறைப்பொலி எனும் இரைச்சலைக் கொடுத்துவிட்டு வலது காதைச் சோதித்தேன். கருவியின் உச்ச அளவு வரை சென்றும் அவர் விரல் அசையவில்லை. பழைய அறிக்கையில் இருந்த கோடு முழுவதும் இடது காதின் நிழல். பிறகு, வலப்பக்க ஒலியை வாங்கி இடது காதுக்கு அனுப்பும் வகைக் கருவியைப் பொருத்தினோம். அவர் இழந்த மாதங்களை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் வலிக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "காலையில் எழுந்ததிலிருந்து ஒரு காது அடைத்தாற்போல இருக்கிறது, குறும்பியாக இருக்கும்" என்று சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு சிலர் வருவார்கள். காதுக்குள் பார்த்தால் குறும்பி இல்லை, செவிப்பறை தெளிவாக இருக்கிறது, ஆனால் மண்டை எலும்பின் அதிர்வாக ஒலியை நேரே உட்செவிக்கு அனுப்பும் எலும்பு வழிச் சோதனையிலும் கேட்கவில்லை என்றால் அது உட்செவியில் திடீரென நேர்ந்த இழப்பாக இருக்கலாம். அவரை அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சேர்ப்பிக்க வேண்டும், ஏனெனில் ஸ்டீராய்டு சிகிச்சையை எவ்வளவு விரைவில் தொடங்குகிறோமோ அவ்வளவுக்கு நம்பிக்கை உண்டு. சந்திப்பு நேரத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கும் இடத்திலேயே ஒரு காது போய்விடக்கூடும்.

மறுமொழி 2 (குழந்தைகள் பிரிவு)

என்னிடம் வருபவர்களில் பாதிப் பேருக்குப் பொத்தான் என்றால் என்னவென்றே தெரியாது. பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு, தூங்கும்போது காதில் சிறு முனையை வைத்து ஒலியை அனுப்புகிறோம். உட்செவியில் நத்தை ஓடு போல் சுருண்டிருக்கும் காக்ளியா நலமாக இருந்தால், அதில் உள்ள வெளிப்புற மயிர்ச்செல்கள் அதற்கு விடையாகத் தாமே மிக மெல்லிய ஒலியை எழுப்பும். 1978-இல் டேவிட் கெம்ப் கண்டறிந்து வெளியிட்ட இந்த நிகழ்வு இல்லாவிட்டால் எங்கள் பிரிவே வேறு மாதிரி இருந்திருக்கும். ஆயினும் அது மட்டும் போதாது. காக்ளியா நன்றாக இருந்தும் நரம்பில் கோளாறு இருக்கும் குழந்தைகள் இந்தச் சோதனையில் தேறிவிடுவார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க, நெற்றியிலும் காதுக்குப் பின்னும் மின்முனைகளை ஒட்டி, மூளைத்தண்டு வரை செல்லும் அலைகளைப் பதிவு செய்யும் பெரா சோதனை தேவை. 1 மாதத்துக்குள் முதற்சோதனை, 3 மாதத்துக்குள் நோயறிதல், 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பதே நாங்கள் பின்பற்றும் இலக்கு.

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளுடன் விளையாடியே சோதிப்போம். ஒலி கேட்டதும் ஒரு மரக்கட்டையைப் பெட்டியில் போட வேண்டும். கேட்காத பிள்ளைகள் கண்ணால் கவனிப்பதில் மிகக் கூர்மையானவர்கள். என் தோள் சற்று அசைந்தாலோ, ஒரே இடைவெளியில் ஒலி கொடுத்தாலோ, ஒலியே கேட்காமல் கட்டையைச் சரியாகப் போட்டுவிடுவார்கள். எனவே சில நேரம் ஒலி கொடுக்காமலே காத்திருக்கப் பழகிக்கொண்டேன். கட்டையைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்தபடி, மூச்சையும் அடக்கிக்கொண்டு ஒரு பிள்ளை காத்திருக்கும் அந்த அரை நிமிடத்துக்காகவே இந்தப் பணியை விரும்புகிறேன்.

மறுமொழி 3 (கருவி அணிபவர்)

நான் வல்லுநர் அல்லன்; ஒன்பது ஆண்டுகளாகக் காது கேட்கும் கருவி அணிபவன். முதல் வாரத்தில் என் குரலே குடத்துக்குள் பேசுவது போல் எனக்குக் கேட்டது. குழாய்த் தண்ணீரும் செய்தித்தாள் புரளும் ஓசையும் தாங்க முடியாத இரைச்சலாக இருந்தன. கழற்றி வைத்துவிடலாம் என்றே சென்றேன். கருவியைப் பொருத்திய கேட்பியல் வல்லுநர் அம்மையார் ஒலியளவை உடனே குறைத்துவிடவில்லை. கருவியோடு சேர்த்து மெல்லிய குழாய் ஒன்றைக் காதுக்குள் நுழைத்து, செவிப்பறை அருகே உண்மையில் எவ்வளவு ஒலி சேர்கிறது என்று அளந்தார். பின்னர் காதுமுனையை மாற்றினார், சிலவற்றை மட்டும் திருத்தினார், மற்றவற்றுக்கு மூளை பழகச் சில வாரங்கள் ஆகும் என்று பொறுமையாக விளக்கினார். ஆறாவது வாரத்தில், பின்னாலிருந்து என் மகள் பேசியதற்குத் திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இப்பணியில் மனத்துக்கு ஒவ்வாதது என்று ஏதேனும் உண்டா?

மறுமொழி 1

உண்டு. சில இடங்களில், மாதத்துக்கு இத்தனை கருவிகள் விற்க வேண்டும் என்று இலக்கு வைப்பார்கள். பணியின் தொடக்கத்தில் அத்தகைய இடம் ஒன்றில் இருந்தேன். கருவி தேவையில்லை என்று நான் எழுதிய அறிக்கைகளுக்கு விளக்கம் கேட்டார்கள், ஓராண்டில் விலகிவிட்டேன். வேலைக்குச் சேரும்முன் இதை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். அடுத்த முறை உடனிருந்து பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், சோதனை அறைக்குச் செல்வதைவிட, கருவி பொருத்தி ஒரு வாரம் கழித்து வருபவர்களின் சந்திப்பில் அமர அனுமதி கேளுங்கள்.