பள்ளி திறந்த பின்னும் பெற்றோருக்குத் தகவல் போய்ச் சேரவில்லை: எங்கே தடைபடுகிறது?

கேள்வி: நடுநிலைப்பள்ளி ஆசிரியை, திருவண்ணாமலை மாவட்டம் (ஜூலை 2022)

அனைவருக்கும் வணக்கம். ஒன்று முதல் எட்டு வரை வகுப்புகள் உள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் பணிபுரிகிறேன். கொரோனா காலத்தில் இணைய வகுப்புக்காக வகுப்புவாரியாக வாட்ஸ்அப் குழுக்கள் வைத்திருந்தோம். அவை காலை வணக்கப் படங்களாலும் மருத்துவக் குறிப்புகளாலும் நிரம்பி, எங்கள் செய்தியை யாரும் தேடிப் பார்க்காத நிலைக்கு வந்துவிட்டன. ஆகவே ஜூன் 13 அன்று பள்ளி திறந்ததும், எமிஸ் எனப்படும் கல்வித் துறையின் மாணவர் தகவல் தளத்தில் பதிவாகியுள்ள கைபேசி எண்களை எடுத்து, பள்ளிக்கென்றே வாங்கிய புதிய சிம் கார்டிலிருந்து வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் முறையில் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியே அனுப்பும் முறை) செய்தி அனுப்பி வருகிறேன்.

சென்ற வாரம் 12 முதல் 14 வயதுள்ள பிள்ளைகளுக்கான இரண்டாம் தவணைக் கொரோனா தடுப்பூசி முகாம் பள்ளியிலேயே நடந்தது. கோடை விடுமுறையில் பலருக்கு இந்தத் தவணை விட்டுப்போயிருந்தது. நான்கு நாள் முன்னதாகவே செய்தி அனுப்பியும் பாதிப் பிள்ளைகள்கூட ஒப்புதல் கடிதத்துடன் வரவில்லை. கேட்டால், “எங்களுக்கு எதுவும் வரலையே டீச்சர்” என்கிறார்கள். அதே வாரத்தில், ஜனவரி மாதம் வெளியான பள்ளி விடுமுறைச் செய்தி ஒன்றை யாரோ புதிய செய்திபோலப் பரப்பிவிட, அது மட்டும் ஊர் முழுக்கச் சென்று சேர்ந்து, மறுநாள் வகுப்பறைகள் வெறிச்சோடின.

கைபேசி, இணையம், ரீசார்ஜ் எல்லாம் சரியாக உள்ளன. ஆனால் அனுப்பிய செய்திகள் பெரும்பாலானவர்களுக்கு ஒற்றை டிக் குறியோடு, அதாவது போய்ச் சேராமலே, நிற்கின்றன. தடை எங்கே இருக்கிறது? பட்டன் போன் மட்டுமே உள்ள வீடுகளுக்கு என்ன வழி? இதே சிக்கலைச் சந்தித்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கணினிப் பயிற்றுநர், மதுரை

வணக்கம் ஆசிரியர் அவர்களே. நீங்கள் சொன்னதில் “புதிய சிம் கார்டு” என்பதுதான் முதல் தடயம். வாட்ஸ்அப் பிராட்காஸ்டில் ஒரு நிபந்தனை உண்டு: பெறுபவர் தம் கைபேசியில் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருந்தால் மட்டுமே செய்தி அவருக்குப் போகும். நீங்கள் அவர் எண்ணைச் சேமித்திருப்பதால் பயனில்லை. பள்ளியின் புதிய எண்ணை இதுவரை எத்தனை வீடுகளில் சேமித்திருப்பார்கள் என்று பாருங்கள். நீங்கள் அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்து விவரம் பார்த்தால், யார் யாருக்குச் சேர்ந்தது என்பது பெயர்வாரியாகத் தெரியும்.

சேராத எண்களில் சிலவற்றை எடுத்து நேரடியாக அழையுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும்: எண் உபயோகத்தில் இல்லை என்று வரும், அல்லது முன்பின் தெரியாத ஒருவர் எடுப்பார், அல்லது சரியான பெற்றோரே எடுப்பார். மூன்றாவது வகையினரிடம் பள்ளி எண்ணைச் சேமிக்கச் சொன்னால் போதும். முதல் இரண்டு வகையினருக்கு எமிஸ் பதிவையே திருத்த வேண்டும்.

இரண்டாவது வகையை இலேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஊரடங்கில் வருமானம் நின்றபோது ரீசார்ஜ் செய்யாமல் விட்ட சிம்கள் ஏராளம். அவ்வாறு செயலிழந்த எண்களை நிறுவனங்கள் சில மாதங்களுக்குப் பிறகு வேறொருவருக்கு வழங்கிவிடுகின்றன. ஆகவே, எண்களைச் சரிபார்த்து முடிக்கும்வரை பிள்ளையின் பெயர், மதிப்பெண், உடல்நிலை ஆகிய எதையும் அந்தப் பட்டியலுக்கு அனுப்பாதீர்கள்.

பட்டன் போன்களுக்கு எஸ்எம்எஸ் உண்டு. ஆனால் தமிழில் ஒரு குறுஞ்செய்திக்கு 70 குறிகள்தான் இடம், அதில் கொம்பும் காலும் புள்ளியும்கூடத் தனித்தனியே எண்ணப்படும். “நாளை வெள்ளி பள்ளி உண்டு. விடுமுறைச் செய்தி பழையது.” என்பது ஒரே செய்தியில் அடங்கிவிடும். “பெற்றோர்களின் மேலான கவனத்திற்கு” என்று தொடங்கினால் பாதி இடம் அங்கேயே போய்விடும்.

பதில்: எட்டாம் வகுப்பு மாணவியின் தாய், தருமபுரி

நான் ஆசிரியர் இல்லை, பெற்றோர் தரப்பிலிருந்து எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பள்ளியில் பதிவாகியிருப்பது என் கணவரின் எண். அவர் பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்கிறார். செய்தி அவருக்குப் போய், இரவு அவர் பேசும்போது நினைவு வந்தால் சொல்வார், இல்லாவிட்டால் இல்லை. இணைய வகுப்பு நடந்த நாட்களில் என் மகள் படித்தது அவள் அண்ணனுடைய கைபேசியில். அவன் கல்லூரிக்குப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டு போய்விட்டான். பள்ளியில் இருப்பவர்கள், “இரண்டு வருடம் இதே எண்ணுக்குத்தானே பாடம் அனுப்பினோம்” என்று கேட்கிறார்கள். வீட்டில் இருந்த கைபேசி இப்போது வீட்டில் இல்லை என்பதை அவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுற்றறிக்கையை முத்திரையோடு அப்படியே படம் பிடித்து அனுப்புகிறார்கள். எழுத்து பொடியாக இருக்கிறது, சில நேரம் படுக்கைவாட்டில் வருகிறது, டேட்டா தீர்ந்திருந்தால் திறக்கவே திறக்காது. பெரிதாக்கிப் படித்தாலும், “உரிய வழிகாட்டு நெறிமுறைகளைப் பின்பற்றுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்” என்றுதான் இருக்கிறது. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். காலையில் பிள்ளைக்குச் சளியும் இலேசான காய்ச்சலும் இருந்தால் அனுப்பலாமா, கூடாதா? வீட்டில் வைத்துக்கொண்டால் வருகையில் கைவைப்பார்களா? இதற்கு விடை இல்லாததால் மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுகிறவர்களும் எங்கள் தெருவில் உண்டு, ஒரு தும்மலுக்கு ஒரு வாரம் நிறுத்திவிடுகிறவர்களும் உண்டு.

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விழுப்புரம் மாவட்டம்

அம்மா கேட்டிருப்பது மிக நியாயமான கேள்வி. அதற்குச் செவிலியர் யாராவது விடை சொல்லட்டும். ஆசிரியைக்கு நான் வேறொன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

சிம் கார்டைச் சரிசெய்துவிட்டால் செய்தி போய்ச் சேரும். அதை நம்புவார்களா என்பது தனிக் கேள்வி. கடந்த இரண்டாண்டுகளில் அந்தக் குடும்பங்கள் கேட்டவற்றை நினைத்துப் பாருங்கள். 2020 மார்ச்சில் மூடினோம். 2021 ஜனவரி 19 அன்று பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கும் பிப்ரவரி 8 அன்று ஒன்பதாம், பதினொன்றாம் வகுப்புகளுக்கும் திறந்து, மார்ச்சிலேயே பன்னிரண்டாம் வகுப்பு தவிர மற்றவற்றை மீண்டும் நிறுத்தினோம். செப்டம்பர் 1 அன்று பெரிய வகுப்புகள், நவம்பர் 1 அன்று சிறிய வகுப்புகள் என்று திறந்து, 2022 ஜனவரியில் ஓமிக்ரான் அலைக்காக மறுபடியும் மூடி, பிப்ரவரி 1 அன்று திறந்தோம். ஒவ்வொரு முறையும் பள்ளியிலிருந்து கடிதம் வருவதற்கு முன்பே தொலைக்காட்சியின் கீழே ஓடும் வரியில் மக்கள் அதைப் படித்துவிட்டார்கள். விடுமுறைச் செய்தி என்றால் அது வெளியிலிருந்துதான் வரும் என்று அவர்களுக்குப் பழகிவிட்டது. உங்கள் ஊரில் பழைய செய்தி வென்றதற்குக் காரணம் இதுவே. அந்தப் பெற்றோரை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆகவே பள்ளியின் அறிவிப்புக்கு ஓர் அடையாளம் வேண்டும். ஒவ்வோர் அறிவிப்புக்கும் வரிசை எண், தேதி, கிழமை இடுங்கள். மாலையில் ஒரே குறிப்பிட்ட நேரத்தில் மட்டும் அனுப்புங்கள். அந்த நேரத்தில் பள்ளியிலிருந்து வராதது எதுவும் பள்ளியின் அறிவிப்பு அல்ல என்று திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். பொய்ச் செய்தி பரவினால், அது எந்தக் குழுவில் பரவியதோ அங்கேயே மறுப்பும் போக வேண்டும். தனியாக வேறோரிடத்தில் மறுத்துப் பயனில்லை.

கைபேசியை மட்டும் நம்பியிருக்கவும் வேண்டாம். எங்கள் மாவட்டத்து மரக்காணம் பகுதியில் 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிவைக்கப்பட்ட இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். மாலையில் பிள்ளைகளை உட்காரவைத்துப் பாடம் சொல்லும் அந்தப் பெண்களுக்கு, எந்தப் பிள்ளை எந்தத் திண்ணையில் உறங்குகிறது என்பது வரைக்கும் தெரியும். பள்ளி மேலாண்மைக் குழுவும் இந்த ஆண்டு (2022) புதிதாக அமைக்கப்பட்டிருக்கிறது. இருபது உறுப்பினர்களில் பதினைந்து பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். கூட்டம் போட்டுக் கையொப்பம் வாங்கியதோடு அவர்களை விட்டுவிடாமல், ஆளுக்கு ஒரு தெருவைப் பொறுப்பாக ஒப்படையுங்கள். நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில், காலையில் வருகைப் பதிவு எடுக்கும்போது உறுப்பினர் ஒருவர் நின்று இரண்டு வரி சொன்னால், ஒரே நேரத்தில் ஊரின் பாதித் தாய்மார்கள் கேட்டுவிடுவார்கள். இந்த வேலையை வாட்ஸ்அப் செய்யாது.

பதில்: கிராம சுகாதாரச் செவிலியர், புதுக்கோட்டை மாவட்டம்

தருமபுரி சகோதரிக்கு: காய்ச்சல் இருந்தால் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டாம். மாத்திரை கொடுத்துக் காய்ச்சலைத் தணித்து அனுப்புவது பிள்ளைக்கும் நல்லதல்ல, பக்கத்தில் உட்காரும் பிள்ளைக்கும் நல்லதல்ல. ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள், அல்லது 104 என்ற எண்ணில் கேளுங்கள். பரிசோதனையில் கொரோனா தொற்று உறுதியானால், இந்த 2022ஆம் ஆண்டு விதிப்படி, உறுதியான நாளிலிருந்து ஏழு நாட்களாவது கடந்திருக்க வேண்டும், கடைசி மூன்று நாட்கள் காய்ச்சல் இல்லாமலும் இருக்க வேண்டும். அதன் பிறகு தனிமை தேவையில்லை. காய்ச்சலே இல்லாத ஒரு தும்மலுக்காக ஒரு வாரம் நிறுத்த வேண்டியதும் இல்லை. வருகைப் பதிவு பற்றிப் பள்ளிதான் சொல்ல வேண்டும். அதை ஆசிரியை தம் முதல் அறிவிப்பிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால், பாதிக் குழப்பம் தீரும் என்பது என் எண்ணம்.

ஆசிரியைக்கு: முகாமுக்கு வராத பிள்ளைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். இந்தப் பிள்ளைகளுக்குப் போடும் கோர்பிவேக்ஸ் தடுப்பூசியின் இரண்டு தவணைகளுக்கு இடையே 28 நாட்கள் என்பது குறைந்தபட்ச இடைவெளி. தாமதமானாலும் இரண்டாம் தவணை போட்டால் போதும், முதலிலிருந்து தொடங்க வேண்டாம். “தேதி தாண்டிவிட்டது, இனிப் போட்டுப் பயனில்லை” என்று பல வீடுகளில் நினைக்கிறார்கள். அறிவிப்பில் இதை ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தொற்று வந்தால் பெயரையோ தெருவையோ அறிவிப்பில் குறிப்பிடாதீர்கள். “ஆறாம் வகுப்பில் ஒருவருக்குத் தொற்று, பிள்ளைகளின் உடல்நிலையைக் கவனியுங்கள்” என்பது போதும். பெயர் வெளியே வந்ததால் கடையில் பால் கொடுக்க மறுக்கப்பட்ட குடும்பத்தை எனக்குத் தெரியும்.

மறுமொழி: கேள்வி கேட்ட ஆசிரியை (இரண்டு வாரம் கழித்து)

அனைவருக்கும் நன்றி. பயிற்றுநர் ஐயா சொன்னபடி சேராத எண்களை அழைத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை சரியான எண்களே, பள்ளி எண்ணைச் சேமிக்காததுதான் தடை. சில எண்கள் உயிரோடு இல்லை. ஓர் எண்ணில் ஈரோட்டில் இருக்கும் முதியவர் ஒருவர் எடுத்து, ஆறு மாதமாகத் தமக்கு ஏன் ஐந்தாம் வகுப்புக் கணக்கு வருகிறது என்று உரத்த குரலில் கேட்டார். எங்கள் பழைய குழுவிலிருந்துதான் போயிருக்கிறது.

பிள்ளைகளின் குறிப்பேட்டில் பள்ளி எண்ணை எழுதவைத்து, வீட்டில் யாருடைய கைபேசியில் சேமித்தார்கள் என்பதை மறுநாள் எழுதி வரச் செய்தோம். அதிலேயே அந்தக் கைபேசி பகலில் யாரிடம் இருக்கும் என்ற கேள்வியையும் சேர்த்தோம். தருமபுரி அம்மாவின் பதிலைப் படிக்காமல் இருந்திருந்தால் இந்தக் கேள்வி எங்களுக்குத் தோன்றியிருக்காது. சுற்றறிக்கைப் படங்களை நிறுத்திவிட்டு, நான்கு வரிக்கு மிகாத எழுத்தும் அதையே படித்துச் சொல்லும் குரல் பதிவும் அனுப்புகிறோம். காய்ச்சலுக்காக வீட்டில் இருக்கும் நாட்களுக்காக எந்தப் பிள்ளையும் கண்டிக்கப்படாது, பெற்றோர் ஓர் அழைப்பில் தெரிவித்தால் போதும் என்று தலைமையாசிரியரின் குரலிலேயே முதல் அறிவிப்பு போனது. அதற்கு வந்த பதில் அழைப்புகள் இதுவரை எந்த அறிவிப்புக்கும் வராதவை.

ஒரு சிக்கல் மட்டும் எஞ்சியிருக்கிறது. தாய், தந்தை இருவரும் பெங்களூருவில் வேலையில் இருக்க, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் எங்கள் பள்ளியில் கணிசமாக உள்ளனர். பாட்டியிடம் கைபேசி இல்லை. இவர்களுக்கு எந்த எண்ணைப் பதிவது?

பதில்: ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், விழுப்புரம் மாவட்டம்

எமிஸில் பெற்றோர் எண்ணே இருக்கட்டும், ஏனெனில் ஒப்புதல் தர வேண்டியவர்கள் அவர்கள். அவசரத்துக்கு மட்டும் வகுப்பாசிரியரிடம் ஒரு தனிப் பதிவேடு வைத்து, பாட்டி வீட்டுக்குப் பக்கத்தில் அவர் நம்பும் வீடு எது என்று அவரையே கேட்டு, அந்த வீட்டாரின் சம்மதத்தோடு அவர்கள் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். பெற்றோருக்கு அனுப்பும் குரல் பதிவின் முடிவில், “இதைப் பாட்டியிடம் இன்றிரவு பேசும்போது சொல்லிவிடுங்கள்” என்று ஒரு வரி சேருங்கள். அதோடு, சீட்டு ஒன்றில் அறிவிப்பை எழுதிப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பி, மறுநாள் பாட்டியின் கைநாட்டோடு வாங்கிக்கொள்ளுங்கள். கைநாட்டு வராத நாளில், அந்தத் தெருவுக்குப் பொறுப்பான குழு உறுப்பினர் அன்று மாலையே அந்த வீட்டுக்குப் போய்வர வேண்டும்.