1,72,000 ரூபாய் டிவியை விடப் பழைய டிவியே தெளிவு என்கிறார் அப்பா. திருப்பிக் கொடுத்துவிடலாமா?

கொள்ளிடக்கரை:
பத்து நாள்களுக்கு முன்பு 65 அங்குல ஓஎல்இடி டிவி வாங்கினேன். விலை 1,72,000 ரூபாய். கடையில் பார்த்தபோது கண்ணை எடுக்க முடியவில்லை. வீட்டுச் சுவரில் மாட்டிய பிறகு வயிறு எரிகிறது. செய்தி வாசிப்பவரின் முகம் மெழுகு பூசியதுபோல் இருக்கிறது, எழுத்துகளின் ஓரமெல்லாம் பிசிறு. பகலில் இருட்டான காட்சி வந்தால் எதிர் ஜன்னலும் சோபாவில் உட்கார்ந்திருக்கும் நாங்களும்தான் திரையில் தெரிகிறோம். சினிமா போட்டால் நாடகத் தொடர்போல வழவழவென்று ஓடுகிறது. 2014இல் வாங்கிய 40 அங்குல டிவியே தேவலாம் என்கிறார் அப்பா. பதினைந்து நாள்களுக்குள் வேறு மாடலாக மாற்றித் தருவதாகக் கடையில் சொன்னார்கள். டிவியில் கோளாறா, என் புத்தியில் கோளாறா?

பிக்சர் டியூப் காலத்து ஆள்:
தம்பி, அவசரப்படாதீர்கள். மூன்று விவரம் சொல்லுங்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து எந்த வயர் வருகிறது? அப்பா பார்க்கும் சேனல் எச்டியா, சாதாரணமா? சோபாவுக்கும் திரைக்கும் எத்தனை அடி?

கொள்ளிடக்கரை:
எச்டிஎம்ஐ வயர்தான் ஐயா. பாக்ஸும் எச்டிதான். ஆனால் எங்கள் சந்தாவில் செய்திச் சேனல்கள் எல்லாம் சாதாரணத் தரம். தூரம் 11 அடி.

பிக்சர் டியூப் காலத்து ஆள்:
அப்படியென்றால் பாதி வழக்கு முடிந்தது. சாதாரணச் சேனலின் படத்தில் 720க்கு 576, அதாவது நாலே கால் லட்சத்துக்கும் குறைவான புள்ளிகள். உங்கள் 4கே திரையில் இருப்பதோ ஏறத்தாழ 83 லட்சம். ஒரு புள்ளியை இருபதாக இழுத்து நிரப்புகிறது டிவி. அந்த இழுப்புதான் மெழுகு முகம். பழைய டிவியிலும் இதே குறை இருந்தது, திரை சிறியதாக இருந்ததால் மறைந்து கிடந்தது. இப்போது பரப்பு இரண்டரை மடங்குக்கு மேல்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 65 அங்குலத்தில் எட்டரை அடியைத் தாண்டினால், 4கே படத்துக்கும் முழு எச்டி படத்துக்கும் வித்தியாசம் காண்பது சாதாரணக் கண்ணுக்குக் கடினம். 11 அடியில் உட்கார்ந்துகொண்டு 4கேக்காகப் பணம் கொடுத்தேன் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். நீங்கள் விலை கொடுத்தது கறுப்புக்கு. எல்இடி டிவியில் திரைக்குப் பின்னால் விளக்கு எரிகிறது, அதை எவ்வளவு மறைத்தாலும் கொஞ்சம் கசியும். உங்கள் ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். அதை நண்பகலில் ஜன்னலைத் திறந்து வைத்துப் பார்த்தால் எப்படித் தெரியும்?

இரண்டாம் ஆட்டம்:
அந்த வழவழப்புக்கு மருந்து இரண்டு நிமிட வேலை. சினிமா நொடிக்கு 24 சட்டங்கள், அதாவது ஃபிரேம்கள். டிவி இடையில் இல்லாத சட்டங்களைத் தானே கற்பனை செய்து சொருகுகிறது, அதுதான் நாடகத் தொடர் போல இருக்கிறது. பட அமைப்புகளில் 'மோஷன்' என்று தொடங்கும் எதுவாக இருந்தாலும் அணைத்துவிடுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதைப் போடுங்கள், இல்லையென்றால் 'சினிமா'. முதல் இரண்டு நாள் படம் மஞ்சளாகத் தெரியும், பொறுத்துக்கொள்ளுங்கள். கடையில் நீங்கள் மயங்கியது 'விவிட்' மோடு. அந்த நீலப் பளபளப்பு ஜவுளிக்கடை விளக்கு மாதிரி, புடவை வீட்டுக்கு வந்தால் நிறம் வேறு. மின்சேமிப்பு வசதி ஓடுகிறதா என்றும் பாருங்கள், பகலில் மங்குவதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம்.

பிறகு இரவு ஒன்பது மணிக்கு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, 4கே தரத்தில் ஒரு படம் பாருங்கள். நெட்ஃபிளிக்ஸ் என்றால் மிக உயர்ந்த திட்டம் வேண்டும், இணைய வேகம் 15 எம்பிபிஎஸ் வேண்டும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாக மாற்றுங்கள்.

வரவு செலவு:
எல்லோரும் டிவியைப் பற்றியே பேசுகிறீர்கள், யார் எத்தனை மணி நேரம் பார்க்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அப்பா பகல் முழுக்கச் செய்திச் சேனல் என்றால் ஓஎல்இடி அந்தக் கூடத்துக்கு ஆகாது. கீழே ஓடும் சிவப்புப் பட்டையும் மூலையில் நிற்கும் சேனல் சின்னமும் ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் எரிந்தால் அந்தப் புள்ளிகள் மட்டும் சீக்கிரம் தேயும். பிறகு எந்தப் படம் போட்டாலும் நிழலாகத் தெரியும். வாரண்டி பெரும்பாலும் இதை ஏற்பதில்லை. வெளிச்சமான கூடத்துக்கு மினி எல்இடி, அதாவது பின்னால் நிறையப் பொடி விளக்குகள் எரியும் எல்இடி டிவி, வாங்கியிருந்தால் கணிசமான பணமும் மிஞ்சியிருக்கும். என் கருத்து: மாற்றுங்கள்.

பிக்சர் டியூப் காலத்து ஆள்:
வரவு செலவு சொல்வதில் நியாயம் இருக்கிறது. வைத்துக்கொள்வதானால் ஒன்றை மறக்க வேண்டாம்: சுவர் ஸ்விட்ச்சை அணைக்காதீர்கள். சில மணி நேரம் ஓடியதும், ரிமோட்டில் அணைத்த பிறகுதான் இந்த டிவி தன் புள்ளிகளைச் சரிபார்த்துச் சமன் செய்துகொள்ளும். மின்சாரத்தையே துண்டித்தால் அந்த வேலை நடக்காது.

கொள்ளிடக்கரை:
நான்கு நாள்கள் கழித்து எழுதுகிறேன். மோஷன் சமாச்சாரத்தையும் மின்சேமிப்பையும் அணைத்தேன். சோபாவை எட்டடிக்கு இழுத்தேன், ஜன்னலுக்குக் கனமான திரை போட்டேன். இரவில் விளக்கணைத்துப் பார்த்தபோது, காட்டுக்குள் ஒருவர் தீக்குச்சி கிழிக்கும் காட்சி. குச்சியின் நுனியும் அவர் மூக்கின் ஓரமும் மட்டும் தெரிந்தன, சுற்றிலும் டிவி எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. மாற்றவில்லை, வைத்துக்கொண்டேன். விலைக்குத் தகுமா என்றால், எங்கள் வீட்டில் இரவு இரண்டு மணி நேரத்துக்குத்தான் தகும். பழைய 40 அங்குலம் அப்பாவின் அறைக்குப் போய்விட்டது, சிவப்புப் பட்டையும் அதோடு போய்விட்டது. அவருக்கு ஏக சந்தோஷம்.

சுவர் ஸ்விட்ச்சின் மேல் 'அணைக்காதே' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். நேற்றிரவும் அம்மா அணைத்துவிட்டுத்தான் படுத்தார்.