அஞ்சல்காரருக்கு முழங்கால் பழுது: ராஜினாமா கடிதம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

மலர், ஈசூன்:
வணக்கம். என் கணவருக்கு வயது 54. பல ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் கடிதமும் பொட்டலமும் விநியோகிக்கும் வேலையில் இருக்கிறார். வலது முழங்காலில் சவ்வு கிழிந்து அறுவைச் சிகிச்சை முடிந்தும் கால் முழுதாக மடங்கவில்லை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி புளோக்கின் கீழே இருக்கும் கடிதப்பெட்டிகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரே சாவியில் பெரிய கதவைத் திறந்து, மேல் வரிசைகளை நின்றபடியே நிரப்பிவிடலாம். அடி வரிசைக்குக் குந்தித்தான் ஆக வேண்டும். இவர் குந்தினால், கதவின் விளிம்பைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் எழுகிறார்.

சம்பளத்துடன் கூடிய மருத்துவமனை விடுப்பு 60 நாளும் தீரப்போகிறது. போன வாரம் மனிதவளப் பிரிவில் அழைத்து, "நீங்களாகவே விலகிக்கொண்டால் உங்கள் பதிவுக்கு நல்லது" என்று சொல்லி, அச்சடித்த ராஜினாமா கடிதம் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். உடல்நலக் குறைவுக்காக முன்கூட்டியே ஓய்வு கொடுத்து, அதற்கு ஒரு தொகை தரும் ஏற்பாடு இங்கே சட்டத்தில் உண்டா? வீட்டுக் கடனை மத்திய சேம நிதியிலிருந்து (சம்பளத்தில் கட்டாயமாகச் சேரும் ஓய்வுக்காலச் சேமிப்பு) கட்டுகிறோம். மகள் இன்னும் படிக்கிறாள். இரவில் தூக்கமே இல்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு புளோக்கின் சாய்தளத்தில், பொட்டலங்களோடு ஸ்கூட்டர் சறுக்கி விழுந்தார். அதற்குப் பிறகுதான் வலி இந்த அளவுக்குப் போனது.

சரவணன்:
கவலைப்படாதீர்கள் அக்கா. மருத்துவர் கடிதம் ஒன்று இருந்தால் சேம நிதிப் பணத்தை மொத்தமாக எடுத்துவிடலாம். எங்கள் மாமாவுக்குப் பக்கவாதம் வந்தபோது அப்படித்தான் எடுத்தார்கள்.

கோமதி:
மலர், முதலில் அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட வேண்டாம். மற்றதெல்லாம் பிறகு.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில்: தனியார் ஊழியருக்கு உடல்நலக் குறைவு ஓய்வு, அதற்கு இவ்வளவு தொகை என்று வேலை நியமனச் சட்டம் எதையும் வகுக்கவில்லை. சட்டம் தருவது மருத்துவ விடுப்புதான். ஆறு மாதம் வேலை செய்த ஊழியருக்கு ஆண்டுக்கு 14 நாள் வெளிநோயாளி விடுப்பு உண்டு. மருத்துவமனை விடுப்பு 60 நாள், அந்த 14-ம் அதற்குள் அடக்கம். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் வேலை ஒப்பந்தத்திலோ, தொழிற்சங்கத்தோடு போட்ட கூட்டு ஒப்பந்தத்திலோ எழுதியிருந்தால்தான். சில கூட்டு ஒப்பந்தங்களில் நீடித்த நோய்க்குக் கூடுதல் விடுப்பும், மருத்துவக் காரணத்தால் வேலை முடிந்தால் சேவை ஆண்டுகளைக் கணக்கிட்டு ஒரு தொகையும் இருக்கும். அவர் சங்க உறுப்பினரா? அப்படியானால் அந்த ஒப்பந்தத்தின் நகலைச் சங்கத்திடம் கேட்டு வாங்குங்கள். மனிதவளப் பிரிவு வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்பி இருக்காதீர்கள்.

அடுத்தது, நீங்கள் கடைசியில் போகிற போக்கில் எழுதிய அந்த விழுந்த கதை. உங்கள் பதிவிலேயே கனமான செய்தி அதுதான். வேலை நேரத்தில் பொட்டலத்தோடு விழுந்தது வேலை விபத்து. அன்று மருத்துவரைப் பார்த்தாரா? நிறுவனம் மனிதவள அமைச்சிடம் அறிவித்ததா?

மலர், ஈசூன்:
மறுநாள் பலதுறை மருந்தகத்துக்குப் போனார். மருத்துவச் சான்றிதழ் கொடுத்தார்கள். மேற்பார்வையாளரிடம் சொன்னபோது, "வயதானால் முழங்கால் தேயத்தான் செய்யும்" என்று சாதாரண விடுப்பாக எழுதிக்கொண்டாராம். சங்கத்தில் சந்தா கட்டுகிறார்.

கோமதி:
சாதாரண விடுப்பாக எழுதியதில்தான் உங்களுக்கு நட்டம். வேலைக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் வரும் விபத்தாக இருந்தால், 60 நாளோடு கதவு மூடிவிடாது. மருத்துவமனை விடுப்பில் முதல் 60 நாளுக்கு முழுச் சம்பளம். அதன் பிறகும் மருத்துவர் விடுப்புக் கொடுத்தால், விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டு வரை மூன்றில் இரண்டு பங்கு சம்பளம் தொடரும். மருத்துவச் செலவை முதலாளியோ அவருடைய காப்புறுதி நிறுவனமோ ஏற்க வேண்டும். விபத்து 2025 நவம்பர் 1 முதல் நடந்திருந்தால் 53,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை, அதற்கு முன்பு என்றால் 45,000 வெள்ளி வரை. கால் நிரந்தரமாகப் பழுதாகிவிட்டது என்று மதிப்பிட்டால் அதற்குத் தனியாக இழப்பீடு உண்டு. யார் தவறு என்று நிரூபிக்க வேண்டியதில்லை.

விபத்து நாளிலிருந்து ஓராண்டுக்குள் கோர வேண்டும். நிறுவனம் அறிவிக்கவில்லை என்றால் ஊழியரே அமைச்சிடம் நேரடியாக அறிவிக்கலாம். வேலையை விட்டுப் போன பிறகும் கோரலாம். மூட்டில் பழைய தேய்மானம் இருந்தது என்று அவர்கள் வாதிடக்கூடும். விழுந்ததால் எவ்வளவு, தேய்மானத்தால் எவ்வளவு என்பதை மருத்துவர் சொல்லட்டும், மேற்பார்வையாளர் சொல்ல வேண்டாம். மருந்தகத்தின் அன்றைய குறிப்பில் "வேலையில் விழுந்தார்" என்று பதிவாகியிருக்கிறதா என்று உடனே கேட்டு வாங்குங்கள்.

சரவணன் தம்பி, பக்கவாதம் வந்த உங்கள் மாமா நிலை வேறு. நிரந்தரமாக எந்த வேலையும் செய்ய முடியாது என்று மருத்துவர் சான்றளித்தால்தான் அந்த வழி திறக்கும். அப்போதும் மாத வழங்குதொகைக்காக ஒரு பகுதியை ஒதுக்கி வைத்த பிறகுதான் மீதி கைக்கு வரும். "கடிதம் விநியோகிக்க முடியாது" என்பதும் "எந்த வேலையும் செய்ய முடியாது" என்பதும் ஒன்றல்ல. மலரின் கணவருக்கு இன்றைய நிலையில் முதலாவதுதான் பொருந்தும் என்று தோன்றுகிறது. வீட்டுக் கடனுக்கான வீட்டுப் பாதுகாப்புத் திட்டமும், சார்ந்தோர் பாதுகாப்புத் திட்டமும் காப்புறுதிகள். உடற்குறை என்றால், அது முழுமையாகவும் நிரந்தரமாகவும் இருந்தால்தான் அவை பணம் தரும். அவற்றை நம்பி வேலையை விட வேண்டாம். கடன் தவணை நெருக்கினால் வீவகவிடம் முன்கூட்டியே பேசுங்கள்.

ஓய்வுபெற்ற அஞ்சல்காரர்:
நான் பை தூக்கி நடந்தவன், அதனால் எழுதுகிறேன் அம்மா. பிரிக்கும் கூடத்தில் வேலை கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் அது உட்கார்ந்து செய்யும் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். மேசை முன் மணிக்கணக்கில் நிற்க வேண்டும், பெட்டிகளைத் தள்ள வேண்டும். அந்தக் கால் அதையும் தாங்காது. முகப்பு வேலை, பொருள் கணக்கு, வாடிக்கையாளர் தொலைபேசி வேலை என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். மருத்துவரிடமும் "குந்தக் கூடாது, இத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, இவ்வளவு நேரத்துக்கு மேல் நிற்கக் கூடாது" என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். "இலகுவான வேலை" என்று மட்டும் எழுதினால் ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். வேலைக் காயம் என்றால், அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் வேலைக்குத் திரும்ப உதவும் ஒருங்கிணைப்பாளர்கள் இருக்கிறார்கள். விசாரியுங்கள்.

சங்கத்தை அலட்சியம் செய்யாதீர்கள். 1952-இல் அஞ்சல்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களுக்குச் சட்ட ஆலோசகராக நின்றவர் லீ குவான் இயூ. நம் தொழிலில் கேட்டு வாங்கியதுதான் அதிகம்.

மலர், ஈசூன்:
எல்லாருக்கும் நன்றி. மருந்தகக் குறிப்பில் "வேலையில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்தார்" என்றே இருக்கிறது! ஓராண்டும் இன்னும் ஆகவில்லை. கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஒரே ஒரு சந்தேகம். கையெழுத்துப் போடாவிட்டால் அவர்களே வேலையை முடித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறார். அது பதிவில் கறையாகாதா?

கோமதி:
முடிக்கலாம். ஒப்பந்தப்படி முன்னறிவிப்புக் காலம் கொடுத்து வேலையை முடிக்க இரு தரப்புக்கும் உரிமை இருக்கிறது. ஒப்பந்தத்தில் எதுவும் எழுதாவிட்டால் ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கு நான்கு வாரம். "மருத்துவக் காரணத்தால்" என்று எழுதிக் கொடுத்தால் அது கறையே அல்ல. நாமாக விலகுவதைவிட அது எத்தனையோ மேல். 2025 ஏப்ரலில் வந்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம், நோயாலோ காயத்தாலோ நிறுவனம் வேலையை முடித்தவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளிக்கு மேல் போகாதவர்களுக்கு, மற்ற தகுதிகளும் இருந்தால், ஆறு மாதத்தில் மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கும். தாமாக விலகியவருக்கு அது இல்லை. ஆனால் வேலை தேடுகிறேன் என்று அங்கே சொல்லிவிட்டு, எந்த வேலையும் செய்ய முடியாது என்று சேம நிதியிடம் விண்ணப்பிக்க முடியாது. எது உங்கள் வழி என்பதை மருத்துவர் சொல்வதை வைத்து முடிவு செய்யுங்கள்.

நிறுத்தியது நியாயமில்லை என்று பட்டால் கடைசி வேலை நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் முத்தரப்புக் கூட்டணியிடம் புகார் கொடுக்க வேண்டும். வற்புறுத்தி எழுதி வாங்கிய ராஜினாமாவையும் அங்கே எடுத்துப் போகலாம், ஆனால் வற்புறுத்தினார்கள் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் கணவர் தலையில் விழும். ஆகவே அந்த அச்சடித்த கடிதத்தைக் கிழித்துப் போடாமல் அப்படியே கோப்பில் வையுங்கள். அழைத்துப் பேசிய நாளையும், பேசியவர் பெயரையும், அவர் சொன்னதையும் இன்றே உங்கள் கணவரையே எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

மலர், ஈசூன்:
எழுதிக்கொண்டிருக்கிறார். வியாழக்கிழமை சங்கத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள். மருந்தகக் குறிப்பு, சம்பளச் சீட்டுகள், அறுவைச் சிகிச்சைக் கடிதம், அந்த ராஜினாமாத் தாள் எல்லாவற்றையும் எடுத்துப் போகிறோம். விபத்து அறிவிப்பை நாளைக் காலை அமைச்சுக்கு அனுப்புகிறோம்.