மாலையானால் மவுஸ் திக்குகிறது, ஒரு கிளிக் இரண்டாக விழுகிறது: புதிது வாங்காமல் சரிசெய்ய முடியுமா?

உட்லண்ட்ஸ் கணக்கு:

எல்லாருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தே சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். காலாண்டு முடிந்து ஒரு மாதத்துக்குள் ஜிஎஸ்டி படிவம் போயாக வேண்டும். இந்த நேரம் பார்த்து மவுஸ் படுத்தும் பாடு தாங்கவில்லை.

ரிசீவரை யுஎஸ்பியில் சொருகிப் பயன்படுத்தும் வயர்லெஸ் மவுஸ். டெஸ்க்டாப் மேசைக்குக் கீழே இருக்கிறது. ரிசீவரைப் பின்பக்கம் சொருகியிருக்கிறேன். முன்பக்கம் இருந்தால் பையன் காலால் தட்டிவிடுகிறான்.

தொந்தரவு இரண்டு விதம். ஒன்று, அம்பு நின்று நின்று நகர்கிறது. கையை நகர்த்தினால் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று திரையின் அந்தக் கோடிக்குத் தாவுகிறது. காலையில் அவ்வளவாக இல்லை. இரவு ஏழு மணிக்கு மேல் வேலையே ஓடாது.

இன்னொன்று, இடது பொத்தானை ஒருமுறை அழுத்தினால் இருமுறை அழுத்தியதாக எடுத்துக்கொள்கிறது. எக்செலில் ஒரு கட்டத்தின் மேல் கிளிக் செய்தால் கட்டம் திறந்துகொள்கிறது. அப்புறம் தட்டும் எண் பழைய தொகையோடு ஒட்டிவிடுகிறது. 218 இருந்த கட்டத்தில் 35 என்று மாற்றப் போனால் 21835 ஆகி நிற்கிறது. அடுத்தவர் காசு விஷயம், எனக்குப் பயமாக இருக்கிறது.

பேட்டரி புதிது போட்டாயிற்று. துணி மவுஸ்பேட்தான் வைத்திருக்கிறேன். வீட்டுக்காரர் புதிது வாங்கிவிடு என்கிறார். ஆனால் எனக்கு மணிக்கட்டு வலி உண்டு. இந்த மவுஸின் உயரமும் வளைவும்தான் கைக்கு ஒத்துவருகிறது. இதே மாடல் இப்போது கடைகளில் இல்லை. சரிசெய்ய வழி இருந்தால் சொல்லுங்கள்.

தெம்பனிஸ்காரன்:

அக்கா, முதலில் மவுஸைத் திருப்பி அடியில் இருக்கும் சென்சார் துளையைப் பாருங்கள். துணிப் பேடிலிருந்து வரும் நூலும் தலைமுடியும் அங்கேதான் போய் உட்காரும். ஒரு முடி இருந்தாலே அம்பு துள்ளும். காது குடையும் பஞ்சுக் குச்சியால் மெதுவாக எடுத்துவிடுங்கள்.

நீங்கள் போட்டது ரீசார்ஜ் பேட்டரியா? அது 1.2 வோல்ட், சாதாரண ஆல்கலைன் 1.5. சில மவுஸ்களுக்கு அந்த 1.2 பிடிக்காது.

கொஞ்ச நேரம் தொடாமல் விட்டு எடுத்ததும் மட்டும் தாமதம் வருகிறது என்றால் அது விண்டோஸ் வேலை. டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப் என்று இருக்கும். அதில் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்துக்குப் போய், மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை அணைக்கலாம் என்ற இடத்தில் இருக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

பீஷான் வாசகி:

இரவில்தான் மோசம் என்றால் எனக்கு வைஃபை மேல்தான் சந்தேகம். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் மேலே, கீழே, பக்கத்தில் என்று எல்லா வீட்டிலும் ரவுட்டர் இருக்கிறது. ஏழு மணிக்கு மேல் எல்லாரும் வீடு திரும்பியதும் நெரிசல்தானே? வயர் மவுஸுக்கு மாறிவிட்டால் நிம்மதி. நான் மாறி ரொம்ப நாளாகிறது.

சாலிடர் சித்தப்பா:

தங்கச்சி, ஒரு விஷயம் சொல்லுங்கள். கணினியின் பின்பக்கம் ரிசீவரைத் தவிர வேறு என்னென்ன சொருகியிருக்கிறது? அவற்றில் ஏதாவது இரவில் மட்டும் வேலை செய்கிறதா?

உட்லண்ட்ஸ் கணக்கு:

சென்சார் துளை சுத்தமாக இருக்கிறது, பேட்டரி ஆல்கலைன்தான். டிக்கையும் எடுத்துப் பார்த்தேன், மாற்றம் இல்லை. வயர் மவுஸ் யோசனைக்கு நன்றி, ஆனால் கைக்கு ஒத்துவரும் வடிவம் கிடைப்பதுதான் கஷ்டம்.

சித்தப்பா, பின்பக்கம் பிரிண்டர், இணைய வயர், அப்புறம் பேக்கப் எடுக்கும் ஹார்ட் டிஸ்க். டிஸ்க் நீல நிற ஓட்டையில் இருக்கிறது, ரிசீவர் அதற்கு ஒட்டினாற்போல் அடுத்த ஓட்டையில். பேக்கப் தினமும் இரவு ஏழு மணிக்குத் தானாகத் தொடங்கும்.

சாலிடர் சித்தப்பா:

அப்படியென்றால் திருடன் அகப்பட்டான். அம்பு திக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த ஹார்ட் டிஸ்க்தான்.

உங்கள் மவுஸும் ரிசீவரும் பேசிக்கொள்வது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். நீல ஓட்டை என்றால் பெரும்பாலும் யுஎஸ்பி 3.0. அதில் நொடிக்கு 5 கிகாபிட் வேகத்தில் தரவு ஓடுகிறது. ஓடும்போது கேபிளிலிருந்தும் சொருகும் இடத்திலிருந்தும் இரைச்சல் கசியும். அந்த இரைச்சல் 2.4 பக்கமும் பரவுகிறது. இது என் ஊகம் இல்லை. இன்டெல் நிறுவனமே சோதித்துப் பார்த்து 2012இல் அறிக்கை வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸ் ரிசீவர் பாதிக்கப்படுவதையும் அதில் காட்டியிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் ரிசீவர் டிஸ்கோடு தோள் உரசி உட்கார்ந்திருக்கிறது. போதாததற்கு நடுவில் கணினியின் தகரப் பெட்டி, மேசைப் பலகை, உங்கள் கால். மவுஸிலிருந்து வரும் சிக்னலோ ரொம்பச் சன்னம். இத்தனையையும் தாண்டி எப்படிக் கேட்கும்?

இன்று இரவு அம்பு திக்கும்போது பேக்கப்பை நிறுத்தி, டிஸ்கை முறைப்படி வெளியேற்றிக் கழற்றிப் பாருங்கள். உடனே சரியானால் சந்தேகமே இல்லை. பிறகு ஒரு மீட்டர் யுஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்குங்கள், ஐந்தாறு வெள்ளிக்கு மேல் ஆகாது. ஒரு முனையை நீலம் அல்லாத ஓட்டையில் சொருகி, மறுமுனையில் ரிசீவரை மாட்டி மேசைக்கு மேலே கொண்டு வாருங்கள். மவுஸிலிருந்து இரண்டு சாண் தூரத்தில் இருந்தால் போதும். பையன் காலும் எட்டாது.

பீஷான் தங்கச்சி சொன்னதிலும் உண்மை உண்டு. 2.4இல் ஒன்றோடொன்று மோதாத வைஃபை சேனல் 1, 6, 11 என்று மூன்றுதான். ஒரு புளோக்குக்கு அது எப்படிப் போதும்? கேபிள் போட்டும் மிச்சம் மீதி இருந்தால் வீட்டு ஃபோன், டிவியையெல்லாம் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றிப் பாருங்கள்.

இரட்டைக் கிளிக் முற்றிலும் வேறு நோய். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் நல்ல மவுஸெல்லாம் குப்பைக்குப் போகிறது. எனக்கு இதைப் பார்த்தால் மனசு கேட்காது. பொத்தானுக்கு அடியில் குட்டி சுவிட்ச் ஒன்று இருக்கிறது. அதற்குள் மெல்லிய உலோகத் தகடு. அழுத்தினால் டிக்கென்று மடங்கிக் கீழே தொடும். தொட்டதும் ஒன்றிரண்டு மில்லிநொடி துள்ளும். அந்தத் துள்ளலைக் கண்டுகொள்ளாதே என்று மவுஸின் சிப்புக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். தகடு தேய்ந்தாலோ தொடும் இடத்தில் துரு படலம் படிந்தாலோ துள்ளல் நீண்டுவிடும், சிப் அதை இன்னொரு கிளிக் என்று எண்ணும். நம் சிங்கப்பூரில் காற்றின் ஈரப்பதம் சராசரியாகவே 80 விழுக்காட்டுக்கு மேல். ஒற்றை பேட்டரி மவுஸில் ஓடும் மின்சாரமோ அந்தப் படலத்தை எரித்துப் போக்கக் காணாது. துவாஸில் இயந்திரப் பராமரிப்பில் இருந்தபோது லிமிட் சுவிட்சுகளில் (நகரும் பாகம் எல்லையைத் தொட்டதும் அழுந்தும் சுவிட்ச்) இதே கூத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்திருக்கிறேன்.

உறுதி செய்ய: விண்டோஸ் மவுஸ் அமைப்பில் பிரைமரி பட்டனை வலதுக்கு மாற்றுங்கள். வலது பொத்தானால் எக்செலில் ஒரு கட்டத்தின் மூலையைப் பிடித்துக் கீழே நெடுக இழுத்துக்கொண்டே போங்கள். நடுவில் விட்டுப்போகாமல் வந்தால் இடது சுவிட்ச்தான் தேய்ந்திருக்கிறது. வலதும் அப்படியே செய்தால் கோளாறு வேறெங்கோ.

உட்லண்ட்ஸ் கணக்கு:

சித்தப்பா, டிஸ்கைக் கழற்றியதுமே அம்பு சரியாகிவிட்டது! புளோக்குக்குக் கீழே மின்சாமான் கடையில் கேபிள் கிடைத்தது. ரிசீவரை மானிட்டர் காலோடு ஒட்டி வைத்திருக்கிறேன். இதை எழுதும்போதே பேக்கப் ஓடிக்கொண்டிருக்கிறது, அம்பு வழுக்கிக்கொண்டு போகிறது. பெரிய உதவி.

வலது பொத்தானில் இரட்டைக் கிளிக் இல்லை, இழுத்தாலும் விடவில்லை. ஆக, இடது சுவிட்ச்தான். படிவம் அனுப்பும்வரை வலதையே பிரைமரியாக வைத்துக்கொள்கிறேன், பழகிவிட்டது. சுவிட்ச் எங்கே கிடைக்கும்? எனக்கு சாலிடர் பிடிக்கத் தெரியாது.

பீஷான் வாசகி:

ரிசீவர் பக்கத்து ஓட்டையால் இவ்வளவு என்று இப்போதுதான் தெரிகிறது. என் தங்கை வீட்டிலும் இதே புகார். அவளுக்கு இந்தப் பக்கத்தை அனுப்புகிறேன்.

சாலிடர் சித்தப்பா:

சந்தோஷம், தங்கச்சி. சுவிட்சுக்கு ஜாலான் புசாரில் இருக்கும் சிம் லிம் டவருக்குப் போங்கள். சிம் லிம் ஸ்குவேர் இல்லை, டவர். ரோச்சோர் எம்ஆர்டியிலிருந்து நடக்கும் தூரம்தான். உதிரிப்பாகக் கடைகளில் மவுஸுக்கு மைக்ரோ சுவிட்ச் என்று கேளுங்கள். ஓம்ரான் நிறுவனத்தின் டி2எஃப்-01எஃப் மாடல் கிடைத்தால் நல்லது. தங்கக் கலவைத் தொடுமுனை, குறைந்த மின்சாரத்துக்கென்றே செய்தது. இடது வலது இரண்டுக்கும் வாங்குங்கள், இல்லாவிட்டால் ஒன்று மெத்தென்றும் ஒன்று கெட்டியாகவும் இருக்கும்.

காண்டாக்ட் கிளீனர் அடித்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். கொஞ்ச நாள் தாங்கும், திரும்ப வரும். கணக்கு எழுதும் மவுஸில் நான் அதை நம்ப மாட்டேன்.

சாலிடருக்கு, பழுதான பொருள்களைச் சரிசெய்யும் ரிப்பேர் கோப்பித்தியாம் நிகழ்ச்சிக்குக் கொண்டு போங்கள். தொண்டூழியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார்கள், நம் கையாலேயே செய்ய வைப்பார்கள். அடுத்து எங்கே எப்போது என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

திறப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். திருகுகள் அடியில் ஒட்டியிருக்கும் வழுக்குப் பட்டைகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும், நகத்தால் ஓரமாகக் கிளப்பினால் வரும். மேல்மூடியைச் சட்டென்று தூக்காதீர்கள். சிலவற்றில் மெல்லிய பட்டை வயர் ஒன்று மூடியையும் பலகையையும் இணைத்திருக்கும், அறுந்தால் வம்பு. சுவிட்சின் குமிழ் நடுவில் இருக்காது, ஒரு பக்கமாகத் தள்ளியிருக்கும். பழையது எந்தப் பக்கம் பார்த்திருந்ததோ அதே பக்கம் புதியதும் பார்க்க வேண்டும். திறந்ததும் பழைய சுவிட்சில் இருக்கும் எழுத்து தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள். சுவிட்சின் உலோகக் கால்களுக்கு இடையிலான தூரம் பொருந்துமா என்று பார்த்துச் சொல்கிறேன், அதற்குப் பிறகு கடைக்குப் போகலாம்.