தாடைச் சதையைக் கரைத்தால் குறட்டை நிற்குமா?

தேன்மொழி_திருச்சி
எல்லோருக்கும் வணக்கம். வயது 41, பிஎம்ஐ (உயரத்தோடு எடையை ஒப்பிடும் எண்) 34, கழுத்துச் சுற்றளவு 41 செ.மீ. தாடைக்குக் கீழே நல்ல சதை. இரவில் குறட்டை, காலையில் தலைபாரம், மதியம் அலுவலகத்தில் கண் சொக்குகிறது. ஓர் அழகுச் சிகிச்சை மையத்தில் ஹைஃபு செய்துகொள்ளச் சொல்கிறார்கள். குவித்த அல்ட்ராசவுண்ட் தாடைக் கொழுப்பைக் கரைக்குமாம், தொண்டையை அழுத்தும் பாரம் போய் நன்றாகத் தூக்கம் வருமாம். பருமனான பெண்களிடம் இதை ஆராய்ந்தும் பார்க்கிறார்களாம். முன்பணம் கட்டுவதற்கு முன் இங்கே கேட்டுவிடலாம் என்று நினைத்தேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குமரன்_இயன்முறை
நான் இயன்முறை மருத்துவர். இதை மோசடி என்று சொல்ல நிறையப் பேர் வருவார்கள், அதற்கு முன் இதன் நியாயத்தையும் கேளுங்கள்.

ஹைஃபுவில் ஒலி அலைகள் தோலுக்கு அடியில் ஒரு புள்ளியில் குவிகின்றன. அங்கே மட்டும் 60, 70 டிகிரி சூடு ஏறும், மேல்தோல் தப்பித்துவிடும். கத்தி இல்லை, தையல் இல்லை. அடுத்தது கழுத்து. கழுத்து தடிக்கத் தடிக்கத் தூக்கத்தில் மூச்சடைக்கும் ஆபத்து கூடுகிறது. இந்தத் தூக்க மூச்சடைப்பைத்தான் ஸ்லீப் ஆப்னியா என்கிறோம். அதைச் சந்தேகிக்கும்போது நிரப்பச் சொல்லும் ஸ்டாப்-பேங் கேள்வித்தாளிலேயே கழுத்தளவு ஒரு கேள்வி. 1980களில் மயக்கத்தில் இருந்த முயல்களின் கழுத்து முன்புறத்தில் பாரம் வைத்துச் சோதித்தார்கள், மூச்சுப் பாதை குறுகியது. நாம் மல்லாந்து படுக்கும்போது தாடைச் சதையின் பாரம் அங்கேதான் இறங்குகிறது. அதைக் குறைத்தால் பலன் இருக்கும் என்று எதிர்பார்ப்பதில் என்ன தவறு?

வெண்ணிலா_காதுமூக்குதொண்டை
எதிர்பார்த்து ஆராயலாம், குமரன் சார். ஒருவரிடம் பணம் வாங்கிக்கொண்டு உறுதி சொல்வது வேறு.

தாடையைத் தொட்டால் கையில் சிக்குவது தோலுக்கும் பிளாட்டிஸ்மா என்ற மெல்லிய தசைக்கும் நடுவில் உள்ள கொழுப்பு. அதற்கு மேல் நாக்கைத் தாங்கும் தசைகள், பிறகு நாக்கு. தூக்கத்தில் அடைபடும் இடம் நாக்குக்கும் பின்னால், அண்ணத்துக்குப் பின்னால், தொண்டையின் பக்கச் சுவர்களில். முகத்துக்கான ஹைஃபு முனைகள் 1.5, 3, 4.5 மில்லிமீட்டர் ஆழத்துக்கானவை. கொழுப்புக்கென்று வருபவை 6, 9, 13 மில்லிமீட்டர் போகும். அடைப்பு இருக்கும் இடமோ பல சென்டிமீட்டர் உள்ளே. வாசல் திண்ணையைச் செதுக்கினால் கொல்லைப்புறக் கதவு அகலமாகாது.

நாக்குக்குள்ளேயே கொழுப்பு சேரும் என்பது பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தார் பருமனான 67 பேரை எடை குறைப்பதற்கு முன்பும் பின்பும் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். சுமார் 10 சதவீதம் எடை இறங்கியது, மூச்சடைப்பு அளவு 31 சதவீதம் குறைந்தது. அதற்கு முக்கியக் காரணமாகத் தெரிந்தது நாக்கின் கொழுப்பு கரைந்ததுதான். தாடைக்கு வெளியே வைக்கும் எந்த முனையும் அந்தக் கொழுப்பைத் தொடுவதில்லை.

முயல் கணக்குக்கு வருகிறேன். பாரம் வைத்தால் குறுகும் என்பது சரி. ஆனால் தாடையிலிருந்து ஹைஃபு எடுப்பது கொஞ்சம் கொழுப்பு. கழுத்து 41 செ.மீ. ஆனதற்கு உடல் முழுக்கச் சேர்ந்த எடை காரணம். கழுத்தளவு அந்த எடையைக் காட்டும் ஓர் அடையாளம்.

நெய்தல்
நான் தாடைக்கு ஹைஃபு செய்துகொண்டவள். தூக்கம் உண்மையிலேயே மாறியது. வீடியோ கூட்டத்தில் என் முகத்தை நானே பார்க்கப் பிடிக்காமல் இருந்த காலம் உண்டு, படுத்தால் அதே நினைப்பு ஓடும். இப்போது அது இல்லை. பெண்ணின் தூக்கத்தைப் பற்றிப் பேசும்போது மனசையும் சேர்க்க வேண்டாமா, டாக்டர்? மூச்சுக் குழாய் மட்டுமா தூக்கம்?

கோமதி_நாகர்கோவில்
நெய்தல், உனக்கு நல்லது நடந்ததில் சந்தோஷம். ஆனால் தேன்மொழி எழுதியிருப்பதை இன்னொரு தடவை படி. குறட்டை, காலைத் தலைபாரம், பகலில் கண் சொக்கல். எனக்கும் இதே மூன்றும்தான் இருந்தன. தைராய்டு என்றார்கள், ரத்தசோகை என்றார்கள், மாதவிடாய் நிற்கும் வயது என்றார்கள். ஸ்லீப் ஸ்டடி, அதாவது தூங்கும்போது மூச்சைக் கருவியால் அளக்கும் பரிசோதனை, செய்தபோதுதான் மணிக்கு முப்பதுக்கு மேல் மூச்சுத் தடைபடுவது தெரிந்தது. இப்போது இரவில் சிபாப் மெஷின், முகமூடி வழியாகக் காற்றைச் செலுத்தி மூச்சுப் பாதையைத் திறந்து வைக்கும். முகமூடி முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு பழகிவிட்டது. ரத்த அழுத்த மாத்திரையையும் டாக்டர் குறைத்துவிட்டார்.

தேன்மொழி, முதலில் பரிசோதனையைச் செய் தங்கச்சி.

குமரன்_இயன்முறை
கோமதி அக்கா, உங்களுக்கு மெஷின் ஒத்துக்கொண்டது. வாங்கி அலமாரியில் வைத்தவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதம் பேருக்கு பிஎம்ஐ 25ஐத் தொட்டோ தாண்டியோ இருந்தது, அதாவது அதிக எடை. இவர்களில் எத்தனை பேர் முகமூடி மாட்டிக்கொண்டு கணவர், மாமியார் பக்கத்தில் படுப்பார்கள்? அவர்கள் ஒப்புக்கொள்ளும் சிகிச்சை ஒன்று இருந்தால் அதை ஆராய்வது அவர்களுக்கு நன்மைதானே.

இன்னொன்று. தூக்கத் தரத்தை அளக்கப் பிட்ஸ்பர்க் கேள்வித்தாள் இருக்கிறது. 1989 முதல் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. 0 முதல் 21 வரை மதிப்பெண், 5ஐத் தாண்டினால் தூக்கம் சரியில்லை என்று பொருள். சிகிச்சைக்குப் பிறகு அந்த எண் இறங்கினால் அந்தப் பெண் நன்றாகத் தூங்குகிறாள் என்றுதானே அர்த்தம்?

வெண்ணிலா_காதுமூக்குதொண்டை
அந்தப் பெண் நன்றாகத் தூங்குவதாக உணர்கிறாள் என்று அர்த்தம். நெய்தல் சொன்னதும் அதில் வரும், அதை நான் மதிக்கிறேன். ஆனால் மூச்சு நிற்பதையும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குவதையும் அந்தத் தாள் அளக்காது. பக்கத்தில் படுப்பவரிடம் கேட்கும் கேள்விகள் அதில் உண்டு, அவற்றின் விடை மதிப்பெண்ணில் சேர்வதில்லை. கருவி வைத்து, ஜெல் தடவி, ஒருவர் அக்கறையாகப் பேசி அனுப்பினாலே இப்படிப்பட்ட மதிப்பெண் இறங்கக்கூடும். அதனால்தான் போலிச் சிகிச்சை பெற்ற குழுவோடு ஒப்பிட வேண்டும் என்கிறேன். இரண்டு குழுக்களுக்கும் அதே முனை, அதே ஜெல், ஒன்றில் மட்டும் அலை ஓட வேண்டும். முன்னும் பின்னும் ஸ்லீப் ஸ்டடி வேண்டும். அந்த மாதங்களில் யாராவது டயட்டால் எடை குறைத்தால் அதையும் கணக்கில் பிரிக்க வேண்டும். ஏனென்றால் விஸ்கான்சின் தூக்க ஆய்வில், 2000இல் வந்த முடிவுப்படி, 10 சதவீத எடை குறைவுக்கே மூச்சடைப்பு சுமார் 26 சதவீதம் குறையும் என்று தெரிந்தது. பலனைத் தந்தது டயட்டா, அல்ட்ராசவுண்டா என்று பிறகு யார் சொல்வது?

தோலடிக் கொழுப்பை மட்டும் எடுப்பதால் என்ன கிடைக்கும் என்பதற்கு நல்ல பாடம் ஒன்று உண்டு. 2004இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பருமனான 15 பெண்களுக்கு லைபோசக்‌ஷனில் வயிற்றுக் கொழுப்பை ஏறக்குறைய 10 கிலோ வரை எடுத்தார்கள். இன்சுலின் வேலை செய்யும் விதமோ, ரத்த அழுத்தமோ, கொலஸ்ட்ராலோ சீராகவில்லை. 10 கிலோவுக்கே அப்படி என்றால் தாடைக்குக் கீழே உள்ள சில கிராமுக்கு எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம்?

குமரன்_இயன்முறை
அது சர்க்கரை, கொழுப்பு பற்றிய ஆய்வு, மூச்சுப் பாதை பற்றியது இல்லை. அதை இங்கே ஒட்டுவது சரியில்லை என்பது என் கருத்து. ஆனால் போலிச் சிகிச்சைக் குழுவும் ஸ்லீப் ஸ்டடியும் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அப்படியொரு ஆய்வு நடந்தால் நான் ஆட்களை அனுப்பத் தயார். நடக்கும்வரை "வாய்ப்பே இல்லை" என்று கதவைச் சாத்தாதீர்கள், அவ்வளவுதான் என் கோரிக்கை.

கோமதி_நாகர்கோவில்
தம்பி, அதுவரை கடனை வாங்கிக் கட்டப்போவது தேன்மொழி மாதிரிப் பெண்கள். குறட்டை நின்றுவிடும் என்று நம்பி ஸ்லீப் ஸ்டடியைத் தள்ளிப்போட்டால் இன்னும் சில வருடம் மூச்சு நின்று நின்று போகும். அதற்கு யார் பொறுப்பு? வண்டி ஓட்டுகிறாயா தேன்மொழி?

தேன்மொழி_திருச்சி
ஆமாம் அக்கா, ஸ்கூட்டரில்தான் வேலைக்குப் போகிறேன். சிக்னலில் நிற்கும்போது கண் மூடிய நாளும் உண்டு. சரி, பரிசோதனை செய்கிறேன். ஆனால் எனக்குத் தாடையும் உறுத்தலாகத்தான் இருக்கிறது டாக்டர். பிறகாவது செய்யலாமா? எடையைக் குறைக்க ஊசி வந்திருக்கிறது என்கிறார்களே, அது தூக்கத்துக்கும் உதவுமா?

வெண்ணிலா_காதுமூக்குதொண்டை
உறுத்துகிறது என்றால் அதற்கும் வழி பார்க்கலாம், தப்பே இல்லை. அல்தெரா என்ற கருவிக்கு 2012இல் அமெரிக்காவின் மருந்து, கருவிகளுக்கு அனுமதி தரும் அமைப்பான எஃப்டிஏ தாடை, கழுத்துத் தோலை உயர்த்த அனுமதி தந்தது. அனுமதி தோல் தொய்வுக்கு, தூக்கத்துக்கு அல்ல. எடை குறைந்ததும் தோல் தொய்யும், அப்போது செய்தால் காசுக்குப் பலன் தெரியும்.

ஊசி என்று நீங்கள் கேட்பது டிர்செபடைட். மிதமான, கடுமையான ஆப்னியா உள்ள பருமனானவர்களிடம் சோதித்து 2024இல் முடிவு வந்தது. மூச்சடைப்பு மணிக்கு 25 முதல் 29 தடவை வரை குறைந்தது, போலி ஊசி போட்டவர்களுக்கு ஐந்து தடவை அளவில்தான் குறைந்தது. அதே வருடம் டிசம்பரில் எஃப்டிஏ ஆப்னியாவுக்கும் அனுமதித்தது. எல்லோருக்கும் பொருந்தாது, விலையும் அதிகம். மருத்துவர் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டிலேயே ஒரு இரவு கட்டிக்கொண்டு படுக்கும் ஸ்லீப் ஸ்டடி கருவியும் உண்டு, உங்களுக்கு அது போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஸ்டாப்-பேங்கில் ஆணாக இருந்தாலே ஒரு புள்ளி சேர்ந்துவிடும், பெண்களுக்கு அது கிடைக்காது. அதனால் மதிப்பெண் குறைவாக வந்ததென்று யாராவது திருப்பி அனுப்பினால் சிக்னலில் கண் மூடியதைக் கட்டாயம் சொல்லுங்கள். அறிக்கை வரும்வரை ஒருக்களித்துப் படுங்கள், ஸ்கூட்டருக்குப் பதிலாகப் பஸ்ஸில் போங்கள்.

நெய்தல்
தேன்மொழி, ஹைஃபு செய்யும் நாள் வந்தால் தாடை ஓரம் போகும் நரம்பைப் பற்றிக் கேட்டுவிட்டுப் படு. எனக்குக் கீழுதடு ஒரு பக்கம் கொஞ்ச காலம் இழுக்காமல் இருந்தது, தானாகச் சரியானது. அப்படி ஆகலாம் என்று முன்னாடியே யாரும் என்னிடம் சொல்லவில்லை.