புதுப்பிப்பு: ஏற்காட்டு மாமாவின் கேசட்டுகள்

ஏற்காட்டில் மாமா வீட்டுப் பரணில் கிடைத்த, அவர் ரேடியோவிலிருந்து பதிந்த ராக் பாட்டுக் கேசட்டுகளில் பூஞ்சை பிடித்திருக்கிறது என்று போன மாதம் எழுதியிருந்தேன் இல்லையா, 14-இல் 11 தேறிவிட்டன. நாடா ஓரத்தில் வெள்ளையாகப் படிந்திருந்ததைத் துடைத்து, ஒவ்வொன்றும் ஓடி முடிந்ததும் பிளேயரில் நாடாவிலிருந்து ஒலியை எடுக்கும் ஹெட்டை ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் சுத்தம் செய்தேன். அப்புறமும் ஒலி மந்தம்தான். ஹெட்டின் சாய்வைச் சரிசெய்யும், அதன் பக்கத்துக் குட்டி ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகியதும் கிட்டார் பளிச்சென்று வந்தது, மாமாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒன்றில் அறிவிப்பாளர், பீட்டில்ஸ் இசைக்குழுவின் பால் மெக்கார்ட்னி இறந்துவிட்டார் என்று 1969-இல் டெட்ராய்ட் வானொலிக்கு வந்த ஒரு போன் காலுக்குப் பிறகு பரவிய வதந்தியைப் பற்றிப் பேசுகிறார். பொய்தானே, வெட்டிவிடு என்றார்கள் சிலர். வெட்ட மாட்டேன், ஜனங்கள் எதை நம்பினார்கள் என்பதும் பதிவுதான். டிஜிட்டலாக மாற்றிய கோப்பின் பெயரிலேயே 'வதந்தி' என்று சேர்த்திருக்கிறேன்.

மீதி மூன்றில் நாடா அறுந்திருக்கிறது. சேலத்தில் ஒட்டத் தெரிந்தவர் இருந்தால் சொல்லுங்கள்.