ஆட்டோரொட்டேஷன்: ‘தற்சுழற்சி’ சரிப்படாது, வேறு சொல் தேவை

நாகர்கோவிலிலிருந்து:

நாம் நாலு ஊரிலிருந்து சேர்ந்து எழுதும் ஹெலிகாப்டர் விமானி உரிமக் கையேட்டில் நாலாம் அத்தியாயம் ஒரே சொல்லில் மாட்டி நிற்கிறது. தலைக்கு மேலே இறக்கைகளோடு சுற்றும் சுழலிக்கு (ரோட்டர்) எஞ்சின் சக்தி போகாதபோதும், அடியிலிருந்து மேலே பாயும் காற்றே அதைச் சுற்றும் நிலைதான் ஆட்டோரொட்டேஷன். அதற்கு வரைவில் ‘தற்சுழற்சி’ என்று போட்டிருக்கிறோம். அதை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. பூமி தன் அச்சில் சுற்றுவதற்குப் பள்ளிப் பாடத்தில் அந்தச் சொல் எப்போதோ பட்டா போட்டாகிவிட்டது. அதைவிடப் பெரிய கோளாறு, ‘தானாக’ என்ற பொருள். எஞ்சின் நின்றாலும் இறக்கை தானாகச் சுற்றும், விமானி சும்மா இருக்கலாம் என்று படிக்கிற பிள்ளை எடுத்துக்கொள்ளும். சும்மா இருந்தால் ஆள் மிஞ்சமாட்டான்.

பயிற்சியில் பரவலாக ஓடுகிற ராபின்சன் ஆர் 22 ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்வோம். சுழலி 100 சதவீதம் என்றால் நிமிடத்துக்கு 510 சுற்று. எஞ்சின் நின்ற பிறகும் இடக்கையில் இருக்கும் கலெக்டிவை (எல்லா இறக்கைகளின் கோணத்தையும் ஒருசேர மாற்றும் நெம்புகோல்) இறக்காமல் பிடித்திருந்தால், இறக்கைகள் அதே கோணத்தில் காற்றை அரைத்துக்கொண்டே வேகம் இழக்கும். 97 சதவீதத்தில் எச்சரிக்கை ஒலி அலறும். 80 சதவீதம், அதோடு உயரத்தில் ஆயிரம் அடிக்கு ஒரு சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள், அதற்குக் கீழே போனால் இறக்கை ஸ்டால் ஆகிவிடும், அதாவது காற்றோட்டம் பிய்ந்து தூக்குவிசையை இழந்துவிடும். அப்புறம் கலெக்டிவை இறக்கியும் மீட்க முடியாது. இந்த எந்திரத்தின் சுழலி எடை குறைந்தது. இதெல்லாம் நடக்க ஓரிரு வினாடி போதும். ஆகவே ‘தானாக’ என்ற வாடையே இல்லாத சொல் வேண்டும்.

ஆரல்வாய்மொழியிலிருந்து:

இதற்கா இவ்வளவு யோசனை? முப்பந்தலில் போய் நின்றால் கண்ணுக்கு முன்னாலேயே நடக்கிறது. கணவாயில் வருகிற காற்று இறக்கையைச் சுற்றுகிறது. ‘காற்றாலைச் சுழற்சி’ என்று வைத்துவிடுங்கள், நம்ம மாவட்டத்துப் பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம்.

ஒரு வேறுபாட்டை மட்டும் அடியில் எழுதினால் போதும். காற்றாலை நின்ற இடத்தில் நிற்கிறது, காற்று அதைத் தேடி வருகிறது. ஹெலிகாப்டரோ கீழே இறங்கி இறங்கியே தனக்கு வேண்டிய காற்றை உண்டாக்கிக்கொள்கிறது. எஞ்சின் கொடுத்த சக்திக்குப் பதில் உயரத்தைச் செலவழிக்கிறது. தணக்கு மரத்துக் காய் இரண்டு இறக்கையோடு சுற்றிக்கொண்டு விழுவதும் இதே கணக்குத்தான்.

தக்கலையிலிருந்து:

காற்றாலை உவமை பாடத்துக்கு அருமை அண்ணாச்சி, ஆனால் கலைச்சொல்லாக ஆகாது. சுழலியின் காற்றியலில் ‘விண்ட்மில் பிரேக் ஸ்டேட்’ என்று தனியாக ஒரு நிலை உண்டு. சுழலி வேகமாகக் கீழே இறங்கும்போது காற்று முழுக்க அடியிலிருந்து மேலே பாய்ந்து, சுழலி அதிலிருந்து சக்தியை உறிஞ்சும் நிலை அது. காற்றாலை என்ற பெயர் அதற்குத்தான் வேண்டும். இப்போதே செலவழித்துவிட்டால் நாளைக்கு அதற்கு எங்கே போவது?

தனி மடல்களில் வந்த மற்ற இரண்டு சொற்களையும் பார்த்தேன். ‘விசையறு சுழற்சி’ கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் தவறு. 1923-இல் ஸ்பெயினில் ஹுவான் டி லா சியெர்வா பறக்கவிட்ட ஆட்டோஜைரோவில் எஞ்சின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். அது முன்னால் இருக்கும் புரொப்பெல்லரைச் சுற்றும். மேலே இருக்கும் சுழலி பறக்கிற நேரமெல்லாம் ஆட்டோரொட்டேஷனில்தான் இருக்கும். விசை இருக்கும்போதும் நடக்கிற ஒன்றை விசையறு என்று எப்படிச் சொல்வது? அடுத்தது ‘காற்றுச் சுழற்சி’. உரிமத் தேர்வில் வானிலையியல் ஒரு தனித் தாள். மேலடுக்குக் காற்றுச் சுழற்சி என்று ரேடியோவில் தினம் கேட்கிற மாணவன் இரண்டையும் குழப்பிக்கொள்வான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சாதாரண விமானம் ஒரு பக்க இறக்கை ஸ்டால் ஆகி, சுற்றிக்கொண்டே விழும் ஸ்பின்னில் மாட்டும்போது, தொடர்ந்து உருண்டுகொண்டே போவதற்கும் ஆங்கிலத்தில் ஆட்டோரொட்டேஷன் என்றுதான் பெயர். அங்கே ‘தற்சுழற்சி’ பொருந்தும். அதை அந்தப் பக்கம் ஒதுக்கிவிட்டால் நமக்குக் குழப்பம் குறையும்.

என் முன்மொழிவு: காற்றுந்து சுழற்சி. காற்று உந்துகிற சுழற்சி. வினைத்தொகை, அதனால் நடுவே ‘ச்’ போட வேண்டாம்.

குளச்சலிலிருந்து:

நல்லவேளை யாரும் ‘மேல்காற்று’ என்று தொடங்கவில்லை. காற்று அடியிலிருந்து மேலே பாய்கிறது என்று விளக்கும் பத்தியில் ஓரிடத்தில் ‘மேல்காற்று’ எட்டிப் பார்க்கிறது, அதைத் திருத்துங்கள். கடற்கரையில் மேல்காற்று என்றால் மேற்கிலிருந்து அடிக்கிற காற்று, வேறு பொருளே இல்லை. ‘மேலேறும் காற்று’ என்று எழுதுங்கள்.

காற்றுந்து எனக்குச் சம்மதம். ஆனால் நிலை வேறு, செயல் வேறு. சுழலி காற்றால் சுற்றுவது ஒன்று; விமானி அதை வைத்துத் தரைக்கு வந்து சேர்வது இன்னொன்று. பின்னதற்குக் ‘காற்றுந்து இறக்கம்’ என்று பிரித்து வையுங்கள். பயிற்சிப் பதிவில் வருவது இரண்டாவதுதான்.

அந்த இறக்கத்தின் வரிசை வரைவில் சுருங்கிக் கிடக்கிறது. ஆர் 22-க்கு இப்படி விரியட்டும்: கலெக்டிவை உடனே அடிவரை இறக்கு, மூக்கு இடப்பக்கம் திரும்பும், வலது பெடலால் நேராக்கு, வேகத்தை 65 நாட் அளவுக்கு (மணிக்குச் சுமார் 120 கி.மீ.) கொண்டுவா, சுழலி 97 சதவீதத்துக்கும் 110 சதவீதத்துக்கும் நடுவில் நிற்கும்படி கலெக்டிவைச் சரிசெய், தரையிலிருந்து சுமார் 40 அடியில் சைக்ளிக்கை (எந்திரத்தை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் சாய்க்கும் கோல்) பின்னிழுத்து மூக்கைத் தூக்கு, சுமார் 8 அடியில் மட்டமாக்கி, தரை தொடும் முன் கலெக்டிவை உயர்த்தி மெத்தென்று வை.

பிசகுகிற இடங்களையும் சேருங்கள். மூக்கை உயரத்திலேயே தூக்கினால் வேகமெல்லாம் அங்கேயே கரைந்து, கடைசிச் சில அடிகள் பொத்தென்று விழ வேண்டியதுதான். தாமதித்தால் வால் தரையில் இடிக்கும். கலெக்டிவை அவசரப்பட்டு இழுத்தால் சுழலியில் சேர்த்த சக்தி நடுவழியில் தீர்ந்துபோகும். எஞ்சின் நின்ற பதற்றத்தில் சைக்ளிக்கை முன்னால் தள்ளவே கூடாது. இரண்டு இறக்கைச் சுழலியில் அப்படி எந்திரம் எடை இழந்தது போன்ற நிலை வந்தால் சுழலித் தலை அச்சுத் தண்டில் மோதித் தண்டே முறிந்துவிடலாம். கடல்மேல் என்றால் இன்னொரு தொல்லை: அலையில்லாத தண்ணீரில் 40 அடி எது, 10 அடி எது என்று கண்ணால் கணிக்க முடியாது.

மூக்குத் தூக்குவதற்கும் சொல் இல்லையே. படகின் முன்பக்கத்தை நாங்கள் அணியம் என்போம், பின்பக்கம் அமரம். ‘அணியத்தூக்கு’ என்று வைத்தால் என்ன?

நாகர்கோவிலிலிருந்து:

காற்றுந்து எனக்கு முழுச் சம்மதம். தக்கலை சொல்லாமல் விட்ட ஒரு லாபமும் இதில் இருக்கிறது. இந்த நிலையில் இறக்கையை மூன்று துண்டாகப் பிரிப்பார்கள். நேராக இறங்கும்போது நடுமையத்தை ஒட்டிய கால்வாசி ஸ்டால் ஆகிக் கிடக்கும். 25-இலிருந்து 70 சதவீதம் வரையுள்ள பகுதிதான் காற்றிலிருந்து சக்தி எடுத்துச் சுற்றுகிறது. நுனியில் இருக்கும் 30 சதவீதம் அந்தச் சக்தியைத் தின்று தூக்குவிசை தருகிறது. நடுவில் இருப்பது உந்தும் பகுதி, நுனி உந்தப்படும் பகுதி. ஒரே வேரிலிருந்து மூன்று சொல் கிடைத்துவிட்டது. கலெக்டிவைக் கூட்டினால் உந்தும் பகுதி சுருங்கிச் சுற்று குறையும், குறைத்தால் கூடும் என்பதையும் இதே சொற்களில் எழுதிவிடலாம்.

எஞ்சினையும் சுழலியையும் இணைக்கும் ப்ரீவீலிங் யூனிட்டுக்குத் தமிழ் தேடவேண்டாம், சைக்கிள் ப்ரீவீல் எல்லோருக்கும் தெரியும். மிதிப்பதை நிறுத்தினாலும் சக்கரம் ஓடும். எஞ்சின் நின்றாலும் சுழலி அதை இழுத்துக்கொண்டு திரியாது. ஆர் 22-இன் கருவிப் பலகையில் எஞ்சினுக்கும் சுழலிக்கும் பக்கத்தில் பக்கத்தில் ஊசிகள். பறக்கும்போது இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும். எஞ்சின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலை மூடியதும் எஞ்சின் ஊசி கீழே சரிய, சுழலி ஊசி பச்சையில் நிற்கும். ப்ரீவீல் விட்டுக்கொடுத்ததற்கு அதுதான் கண்ணால் காணும் சான்று. இதை ‘ஊசி பிரிதல்’ என்றே எழுதலாம்.

உரிமப் பகுதியில் எண்களைச் சரிபார்த்துவிட்டேன். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் உரிம விதித்தொகுப்பான அனெக்ஸ் 1 கேட்கும் குறைந்தபட்சம்: தனியார் உரிமத்துக்கு வயது 17, பறப்பு 40 மணி. வணிக உரிமத்துக்கு வயது 18, ஹெலிகாப்டரில் 150 மணி. அங்கீகரித்த படிப்பாக முடித்தால் 100. அதில் தலைமை விமானியாக 35, ஊர்விட்டு ஊர் பறத்தல் 10, கருவிப் பயிற்சி (கருவிகளை மட்டும் பார்த்துப் பறத்தல்) 10. கருவிப் பயிற்சியில் 5 மணி வரை தரையிலேயே இருக்கலாம். நம் நாட்டில் வணிக உரிமத்துக்குப் பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும், முதல் வகுப்பு மருத்துவச் சான்றும் கட்டாயம். இரண்டு உரிமத்துக்கான பயிற்சியிலும் காற்றுந்து இறக்கம் உண்டு. பயிற்சியில் பெரும்பாலும் தரை தொடாமல், கடைசியில் எஞ்சினைத் திரும்பக் கூட்டி அந்தரத்தில் நிறுத்திவிடுவார்கள். ‘விசை மீட்பு’ என்ற வரைவுச் சொல் அதற்குப் போதும்.

காக்பிட்டில் ‘ஆட்டோ’ என்றுதான் சொல்வார்கள், அதில் கைவைக்க நமக்கு உரிமை இல்லை. நம் சொல் படித்துப் புரிவதற்கு.

தக்கலையிலிருந்து:

‘அணியத்தூக்கு’ எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் விளவங்கோடு, கல்குளம் பக்கத்து மலையோரப் பிள்ளைக்கு அணியம் தெரியாது. அடைப்புக்குறி போட்டு விளக்க வேண்டிய சொல் அடிக்கடி வந்தால் பத்தி நொண்டும். ‘மூக்கேற்றல்’ என்றால் யாருக்கும் புரியும். குளச்சல் அண்ணாச்சி கோபிக்காவிட்டால், மூக்கேற்றலை முதன்மையாகவும் அணியத்தூக்கை அருஞ்சொல் பட்டியலிலும் வைக்கிறேன்.

குளச்சலிலிருந்து:

கோபமெல்லாம் இல்லை. ஆனால் மூக்கு ஏறுவதில்லை, நாம்தான் ஏற்றுகிறோம். ‘மூக்கேற்றம்’ என்று யாராவது தட்டச்சினால் விடாதீர்கள். ‘மூக்கேற்றல்’ என்றே நிற்கட்டும்.